தலைவர்களை வளர்க்கும் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கிறது?

2023 மார்ச் 16 அன்று, டிசிஎஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ராஜேஷ் கோபிநாதன் பதவி விலகுகிறார் என்ற அறிவிப்பு வந்தது. அப்போது ஆறு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்த நிறுவனம் அது. அடுத்து யார் வருவார் என்று யாரும் ஊகிக்கத் தேவையே இருக்கவில்லை. அடுத்தவர் பெயரும் அதே அறிவிப்பில் இருந்தது: கே. கிருத்திவாசன். 1989இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். வங்கி, நிதித்துறை வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பெரிய பிரிவை நடத்தி வந்தவர். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் பெரும்பாலும் இப்படி வந்தவர்கள்தான். எஸ். ராமதுரை 1972இல் சேர்ந்து 1996இல் தலைமைக்கு வந்தார். நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரரான என். சந்திரசேகரன் 1987இல் சேர்ந்தார், சில ஆண்டுகள் ராமதுரைக்கு நிர்வாக உதவியாளராகக் கூடவே இருந்தார், 2009இல் அவர் இடத்துக்கு வந்தார். 2017இல் டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் தலைவராகவே ஆகிவிட்டார்.

மேலே ஒருவர் கிளம்பும்போது கீழே இன்னொருவர் தயாராக நிற்கிறார் என்றால், அவரை யாரோ பல வருடங்களாகத் தயார் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தயாரிப்பைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. நிர்வாகப் படிப்பு படித்தவர்களுக்காக இதை எழுதவில்லை. பத்துப் பதினைந்து பேரை வைத்து ஒரு அச்சகமோ, தையல் யூனிட்டோ, மருந்துக்கடையோ நடத்துகிறவர்களையும், போன மாதம்தான் டீம் லீடர் ஆனவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களுக்கான கேள்வி ரொம்ப எளிது. நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால், போனும் எடுக்கவில்லையென்றால், உங்கள் இடத்தில் வேலை நடக்குமா?

தலைவர் என்று யாரைச் சொல்கிறோம்?

பதவிப் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது டெய்லர்கள், சில ஹெல்பர்கள், செக்கிங்குக்கு நாலைந்து பேர், ஒரு சூப்பர்வைசர். காலையில் வந்து இறங்கிய துணியில் ஒரு ரோலின் நிறம் மற்றவற்றோடு சேரவில்லை, ஷேடு கொஞ்சம் அடிக்கிறது. தைக்கலாமா, நிறுத்தி வைக்கலாமா? முதலாளி சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறார். சூப்பர்வைசர் போன் அடிக்கிறார், லைன் கிடைக்கவில்லை. சரி, அவர் வரட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் போய்விடுகிறது.

அந்த சூப்பர்வைசர் வேலை தெரியாதவர் இல்லை. துணியைத் தொட்டே கிராம் எடை சொல்லக்கூடியவராக இருப்பார். அவரிடம் இல்லாதது முடிவெடுக்கும் உரிமை. அந்த உரிமையை யாரும் கொடுத்ததில்லை, அதனால் அதைப் பயன்படுத்திப் பழக்கமும் இல்லை. ஒருவர் தன் வேலையைத் தெரிந்து வைத்திருக்கிறார், சிக்கல் வந்தால் தானே ஒரு முடிவுக்கு வருகிறார், அதைச் சுற்றி இருப்பவர்கள் ஏற்று நடக்கும்படி சொல்ல முடிகிறது, முடிவு தப்பாகப் போனால் 'நான்தான் சொன்னேன்' என்று முன்னால் வந்து நிற்கிறார் என்றால் அவர் தலைவர். அவருடைய அடையாள அட்டையில் ஹெல்பர் என்று இருந்தாலும் சரி, மேனேஜர் என்று இருந்தாலும் சரி.

ஆக, ஊழியரைத் தலைவராக வளர்ப்பது என்றால், வேலையோடு சேர்த்து அந்த வேலை பற்றிய முடிவுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்கு மாற்றுவது. பயிற்சி வகுப்பு, சான்றிதழ், புதிய பதவிப் பெயர் எல்லாம் அதற்கு உதவலாம். முடிவுகள் கை மாறவில்லை என்றால் அவற்றால் ஒரு பயனும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மதுரையில் நடந்தது

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்து வந்தவர் அவர். பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் பார்வை போய்விடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கண் மருத்துவர்களோ மிகக் குறைவு. இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது?

டாக்டரிடமிருந்து, டாக்டர் மட்டுமே செய்ய வேண்டிய வேலையைத் தவிர மற்ற அத்தனையையும் எடுத்து வேறு கைகளுக்குக் கொடுத்தார்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடிக்குப் பவர் கண்டுபிடிப்பது, அறுவை அரங்கில் நோயாளியைத் தயார் செய்வது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, ஆபரேஷனுக்குப் பயப்படுகிற பாட்டியிடம் உட்கார்ந்து பேசிப் புரியவைப்பது எல்லாம் அப்படி மாறின. இந்தக் கைகள் யாருடையவை? சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளம்பெண்களுடையவை. தேர்வில் மதிப்பெண்ணைவிடக் குணத்துக்கும், கற்றுக்கொள்ளும் ஆர்வத்துக்கும் அதிக இடம். இரண்டு ஆண்டுகள் முறையான பயிற்சி, அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு துறை. இன்று அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான்.

அறுவை அரங்கை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் சிகிச்சை முடிக்கும்போது, அடுத்த மேசையில் அடுத்த நோயாளி முழுத் தயாராக இருக்கிறார். டாக்டர் திரும்பி உட்கார வேண்டியதுதான். இந்த ஓட்டத்தை நடத்துவது அந்தப் பெண்கள். இப்படி வேலை நடப்பதால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2000 அளவில் கூட அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது. மற்ற இடங்களில் ஒரு கண் மருத்துவர் சராசரியாகச் செய்வதைப் போல இது பல மடங்கு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கொடுத்தும் அந்த நிறுவனம் தன் சொந்த வருமானத்தில் நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் இதோடு நின்றிருந்தால் அதை வேலைப் பகிர்வு என்று மட்டும் சொல்லியிருப்பேன். அடுத்த படியில்தான் நம் விஷயம் இருக்கிறது. இப்படிப் பயிற்சி பெற்றவர்களில் மூத்தவர்கள் அடுத்து வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், பிரிவுகளை மேற்பார்வை பார்க்கிறார்கள், நோயாளிகளுக்கு ஆலோசகர்கள் ஆகிறார்கள். 2000க்குப் பிறகு சிற்றூர்களில் அரவிந்த் திறந்த பார்வை மையங்களைப் பாருங்கள். இன்று அவை நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு மையத்தை நடத்துவது பொதுவாக இப்படிப் பயிற்சி பெற்ற இரண்டு பேர். ஒருவர் கண்ணைப் பரிசோதிப்பார், இன்னொருவர் வருகிறவர்களிடம் பேசுவது, கண்ணாடி, கணக்கு என்று மற்றதைப் பார்ப்பார். டாக்டர் அங்கே இல்லை. தாய் மருத்துவமனையிலிருந்து வீடியோவில் வருவார், நோயாளியோடு பேசுவார், சிகிச்சையை முடிவு செய்வார். அன்றாடம் கதவைத் திறப்பதிலிருந்து, யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வரை அந்த இரண்டு பேர் பொறுப்பு.

பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு முதல்முறையாக மதுரைக்கு பஸ் ஏறி வந்த ஒரு பெண், சில வருடங்களில் ஒரு ஊருக்கே கண் பார்க்கும் இடத்தை நடத்துகிறார். அவருக்குக் கிடைத்ததைச் சம்பளக் கணக்கில் மட்டும் அடக்க முடியாது. அந்த ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, வீட்டில் அவர் பேச்சுக்கு ஒரு எடை இருக்கிறது, அடுத்து பள்ளி முடிக்கிற பெண்களுக்கு நேரில் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார். ஊழியரை வளர்ப்பதன் பலன் பற்றிப் பேசும்போது நிர்வாகக் கட்டுரைகள் இதைக் கடைசி வரியில் தள்ளிவிடுகின்றன. எனக்கு இது முதல் வரியில் இருக்க வேண்டியது.

நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது? திருநெல்வேலியில் 1988இல், கோயம்புத்தூரில் 1997இல், புதுச்சேரியில் 2003இல் என்று கிளை விட முடிந்தது. புதுக் கட்டடத்தைப் பணம் இருந்தால் கட்டிவிடலாம், மிஷின் வாங்கிவிடலாம். முதல் நாள் காலையில் உள்ளே நின்று 'இது இப்படித்தான் நடக்கும்' என்று சொல்ல, பழைய இடத்தில் வளர்ந்தவர்கள் வேண்டும். அவர்கள் மதுரையில் இருந்தார்கள். 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புப் பிரிவைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்து கொடுத்தபோதும், அந்த நுட்பமான வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இதே மாதிரிக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானார். மருத்துவமனை அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நிறுவியவர் போன பிறகு ஒரு அமைப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தால், அவர் இருந்த காலத்தில் யாரை வளர்த்தார் என்பது தெரிந்துவிடும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இந்தப் பெண்களில் கணிசமானவர்கள் கல்யாணத்தோடு வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். வளர்த்து முடிக்கும்போது ஆள் போய்விடுகிறார் என்பது அங்கேயும் உள்ள சங்கடம். அதற்காகப் பயிற்சியைக் குறைக்கவில்லை. ஆண்டுதோறும் புதிய அணியை எடுக்கிறார்கள், மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தருவதை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள்.

பணக் கணக்கு

சரி, இதெல்லாம் சேவை மனப்பான்மை உள்ள மருத்துவமனை, லாபத்துக்கு நடக்கும் தொழிலில் இது எடுபடுமா என்று கேட்கலாம். பெங்களூரில் ஒரு பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஐந்து தொழிற்சாலைகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அச்யுதா ஆத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகிய பொருளாதார ஆய்வாளர்களின் வேலை அது. பெண் டெய்லர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்று ஏறக்குறைய ஓராண்டுக்கு ஒரு பயிற்சி. தையல் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படிப் பேசுவது, நேரத்தை எப்படித் திட்டமிடுவது, சிக்கலை எப்படி அவிழ்ப்பது, எப்படி முடிவெடுப்பது என்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்ததால், பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் தெளிவாகக் கூடியது. சிக்கலான வேலைகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. பயிற்சி முடிந்து எட்டு மாதத்திலேயே நிறுவனத்துக்குப் போட்ட பணத்தின் மேல் 250 விழுக்காட்டுக்கும் அதிகமான லாபம் திரும்பி வந்தது. பயிற்சி கொடுத்ததால் ஆட்கள் வேறு கம்பெனிக்கு ஓடிவிடவும் இல்லை.

ஆனால் அந்தப் பெண்களின் சம்பளம் மிகச் சொற்பமாகத்தான் ஏறியது. வளர்ந்தது அவர்கள், கிடைத்தது பெரும்பாலும் நிறுவனத்துக்கு. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. 250 விழுக்காடு கையில் வரும்போது, அதில் ஒரு பங்கை அவர்கள் கூலியில் சேர்ப்பது நியாயம். அது தர்மம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தன் வளர்ச்சியில் தனக்குப் பங்கில்லை என்று ஒருமுறை உணர்ந்தவர், அடுத்த முறை பொறுப்பை நீட்டினால் கை நீட்டி வாங்க மாட்டார்.

வெளியிலிருந்து ஆள் எடுப்பதோடு ஒப்பிட்டால் கணக்கு இன்னும் தெளிவாகும். அமெரிக்காவின் வார்ட்டன் நிர்வாகக் கல்லூரியின் மேத்யூ பிட்வெல் ஒரு அமெரிக்க முதலீட்டு வங்கியின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார். ஒரே மாதிரியான பதவிக்கு, உள்ளிருந்து உயர்ந்தவரைவிட வெளியிலிருந்து வந்தவருக்குச் சுமார் 18 விழுக்காடு அதிகச் சம்பளம். முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய வேலை மதிப்பீடோ குறைவு. வேலையை விட்டுப் போவதும், நீக்கப்படுவதும் அதிகம். படிப்பிலும் அனுபவத்திலும் அவர்கள் காகிதத்தில் மேலாகவே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காகிதத்தில் எழுத முடியாதது ஒன்று இருக்கிறது. எந்த வாடிக்கையாளர் எப்போது கோபப்படுவார், எந்த மிஷின் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், கணக்குப் பிரிவில் யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் உள்ளே இருந்தால்தான் தெரியும். புதியவருக்கு அது படிய இரண்டு வருடம் ஆகிறது.

இதனால் வெளியாட்களே வேண்டாம் என்று ஆகிவிடாது. உங்களிடம் இல்லாத திறமை தேவைப்படும்போது வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எல்லா மேல் பதவிக்கும் வெளியே பார்க்கும் வழக்கம் இருந்தால், கீழே இருக்கிற இருபது பேரும் 'இங்கே இதற்கு மேல் போக வழியில்லை' என்று புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

தப்பு நடந்தால் யார் முன்னால் நிற்பது?

எஸ்எல்வி-3 ராக்கெட்டின் கதையைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அப்துல் கலாம் அதைப் போகிற இடமெல்லாம் சொன்னார். இருந்தாலும் நம் விஷயத்துக்கு அதில் ஒரு நுட்பம் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979 ஆகஸ்ட் 10, திட்ட இயக்குநர் கலாம். கவுண்ட் டவுனின் கடைசியில் கணினி நிறுத்தச் சொன்னது. கலாம் வல்லுநர்களைக் கேட்டுவிட்டு, கணினியைத் தாண்டிப் புறப்படச் சொன்னார். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கசிந்த கோளாறால் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குப் பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு இந்த அணி ஜெயிக்கும் என்றார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது. அப்போது பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதில் காரியமும் இருக்கிறது. முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அது தப்பாகப் போன அன்றே எடுத்தவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினால், அன்றிலிருந்து அந்த இடத்தில் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். எல்லாக் கேள்வியும் மறுபடியும் உங்கள் மேசைக்கே வந்துவிடும். தவான் அன்று காப்பாற்றியது கலாமின் மானத்தை மட்டும் இல்லை, அந்த அணியில் இருந்த ஒவ்வொருவரின் முடிவெடுக்கும் துணிவையும்தான். பதினோரு மாதத்தில் அதே அணி மறுபடி ராக்கெட்டை ஏவியதற்கு அந்தத் துணிவு வேண்டியிருந்தது.

உள்ளே நடந்த ஆய்வு கறாராக இருந்திருக்கும், இருக்கவும் வேண்டும். வால்வு ஏன் கசிந்தது என்று கேட்காமல் விட்டால் அடுத்த ராக்கெட்டும் கடலில்தான் விழும். தப்பை மூடி மறைக்கச் சொல்லவில்லை. வெளியே நீங்கள் தாங்குங்கள், உள்ளே சேர்ந்து உட்கார்ந்து காரணம் தேடுங்கள்.

யாரை வளர்ப்பது?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நன்றாக வேலை செய்கிறவரைத் தூக்கி மேலே வைப்பது வழக்கம். அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகியோர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. ஆனால் பதவிக்கு முன் எவ்வளவு அதிகம் விற்றிருந்தார்களோ, அந்த அளவுக்கு அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனை சரிந்தது. மற்றவர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்களோ நல்ல மேலாளர்களாக ஆனார்கள்.

உங்கள் இடத்தில் இதைக் கவனிக்க ஆய்வெல்லாம் தேவையில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் சந்தேகம் கேட்க யாரிடம் போகிறான் என்று பாருங்கள். உங்களிடம் வராமல் ஒரு அக்காவிடம் போகிறான் என்றால், அந்த அக்கா ஏற்கனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார், நீங்கள்தான் பார்க்கவில்லை. மிக வேகமான டெய்லர் பெரும்பாலும் வேகமான டெய்லராக இருப்பதிலேயே சந்தோஷமாக இருப்பார். அவருக்கு நல்ல கூலியும் மரியாதையும் கொடுத்து அங்கேயே விடுவதுதான் அவருக்கும் நல்லது. மேலே போனால்தான் சம்பளம் ஏறும் என்ற நிலை இருந்தால், விருப்பம் இல்லாதவரும் மேலே வருவார், இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஆரம்பிப்பது எப்படி?

ஒரே ஒரு முடிவிலிருந்து. மறுபடி திருப்பூர் யூனிட்டுக்கே போவோம். ஷேடு மாறிய ரோலைத் தைக்கலாமா வேண்டாமா என்ற முடிவை சூப்பர்வைசருக்குக் கொடுக்க முதலாளி தீர்மானிக்கிறார். 'இனிமே நீயே பார்த்துக்கோம்மா' என்று சொல்லிவிட்டுப் போனால் வேலைக்கு ஆகாது. எந்த வாடிக்கையாளர் எவ்வளவு வித்தியாசத்தை ஏற்றுக்கொள்வார், சரக்கு திரும்பி வந்தால் எவ்வளவு நஷ்டம், லைன் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். இதுவரை முதலாளியின் தலைக்குள் மட்டும் இருந்த எண்கள் இவை. பல முதலாளிகளுக்கு இதுதான் கஷ்டமான கட்டம். கணக்கைச் சொல்லாமல் முடிவை மட்டும் கேட்டால், பாவம், அவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

கொஞ்ச நாளைக்கு அவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் திருப்பிக் கேளுங்கள்.

"அண்ணா, இந்த ரோலை ஓட்டலாமா?"

"நீ என்னம்மா நினைக்கிற?"

"தனியா வச்சு, உள்ளூர் ஆர்டருக்குப் போட்டுக்கலாம்னு தோணுதுண்ணா."

"சரி, அப்படியே பண்ணு."

உங்களுக்கு வேறு யோசனை இருந்தாலும், அவருடைய யோசனையால் பெரிய சேதம் இல்லையென்றால் அதையே விடுங்கள். இரண்டும் ஒரே அளவுக்குச் சரி என்றால் அவருடையதுதான் ஓட வேண்டும். சில வாரங்களில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, செய்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். அப்போது அடுத்த முடிவைக் கொடுங்கள்: ஓவர்டைம் யாருக்கு, லீவு யாருக்கு, புது ஹெல்பரை எந்த மிஷினில் போடுவது. இதை லைனில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். அவரைத் தாண்டி உங்களிடம் நேராக வருகிறவரை 'அவங்ககிட்ட கேளுங்க' என்று திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரு இடத்தில் நீங்கள் இளகினால் அவர் பேச்சுக்கு லைனில் மதிப்பு இருக்காது.

ஆரம்பத்தில் வேலை மெதுவாகும். நீங்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு அவருக்கு அரை மணி ஆகும். அந்த அரை மணியைப் பொறுக்க முடியாமல்தான் பலர் பாதியில் எல்லாவற்றையும் திரும்பத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைப்பது நேரம். புது வாடிக்கையாளரைப் போய்ப் பார்க்க, பழைய கடனைக் கணக்குப் பார்க்க, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை போய்வர. முதலாளிகள் இந்தப் பலனை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் ஏங்குவது இதற்குத்தான்.

இன்னொரு பலனும் சேர்ந்து வரும். கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேரும். தன் முடிவு என்று ஒன்று இருப்பவர், அது பாதிக்கப்படும்போது உடனே சொல்வார். சொன்னதைச் செய்கிறவர், கேட்டால் மட்டும்தான் சொல்வார். நூல் தரம் குறைந்திருக்கிறது, இரண்டு பேர் வேறு கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது போன்ற விஷயங்கள் சரக்கு போன பிறகு தெரிவதற்கும் முந்தின வாரமே தெரிவதற்கும் உள்ள வித்தியாசம், தொழில் செய்கிறவர்களுக்குப் புரியும்.

வளர்த்துவிட்டால் போய்விடுவாரே?

போவார், சிலர். எல்லோருக்கும் மேலே இடம் இருக்காது என்பதால் போகத்தான் வேண்டியிருக்கும். பெங்களூர் ஆய்வில் பயிற்சியால் வெளியேறுவது கூடவில்லை என்பதை முன்பே சொன்னேன். வளர்க்காமல் வைத்திருந்தாலும் திறமையானவர் போய்விடத்தான் செய்வார், அப்போது அவர் இடத்தில் நிற்க ஆளும் இருக்காது. அதனால் ஒருவரை மட்டும் வளர்க்காதீர்கள். சூப்பர்வைசருக்கு முடிவுகளைக் கொடுக்கும்போதே, அவர் தனக்கு அடுத்த ஒருவருக்குச் சிலவற்றைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் வேலையில் சேர்த்துவிடுங்கள். அரவிந்தில் மூத்தவர்கள் செய்வது அதைத்தான்.

சம்பளத்தைப் பொறுப்புக்கு ஏற்ப உயர்த்துங்கள், அதுவும் பொறுப்பு கொடுத்த அதே மாதத்தில். 'முதலில் செய்து காட்டட்டும், தீபாவளிக்குப் பார்க்கலாம்' என்று இழுத்தால், அவர் செய்து காட்டிவிட்டுப் பக்கத்து யூனிட்டில் சம்பளம் கேட்பார். அப்படியும் ஒரு நாள் அவர் வந்து, சொந்தமாக ஒரு சின்ன யூனிட் போடப் போகிறேன் என்று சொன்னால், கோபப்படாமல் வழியனுப்புங்கள். பீக் சீசனில் உங்களால் எடுக்க முடியாத ஆர்டரை நம்பிக் கொடுக்க, உங்கள் தரம் என்னவென்று தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருப்பார். அவரிடம் புதிதாகச் சேரும் பெண்கள் சந்தேகம் கேட்டு வரும்போது, 'நீ என்னம்மா நினைக்கிற' என்று அவரும் கேட்பார்.